நாயைத் திருத்தும் சாமான்கள்: கொழும்புக் கடை அலுமாரியில் எது காசுக்கு உதவும்?

கொழும்பில் ஏதாவதொரு செல்லப்பிராணிக் கடைக்குப் போய் “நாய் றோட்டில இழுக்குது” என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் கடைக்காரரின் கை முதலில் இறுக்கும் சங்கிலிக்குத்தான் போகும். “குரைக்குது” என்றால் பற்றரி போட்ட கழுத்துப்பட்டி. “கடிக்க வருது” என்றால் துணியில் தைத்த வாய்க்கூடு. வாங்கிய அன்று இவை எல்லாமே வேலை செய்வது போலத் தெரியும். ஆகவே முதல் நாளை வைத்து எதையும் மதிப்பிட முடியாது. இங்கே ஒவ்வொரு சாமானையும் இரண்டு கேள்விகளால் நிறுத்துப் பார்க்கிறோம். அதைக் கழற்றினால் நாய் பழையபடி மாறுகிறதா? இந்த வெக்கையிலும் உப்புக் காற்றிலும் அது தாக்குப்பிடிக்குமா? எந்தச் சாமானும் தானாக நாயைப் பழக்காது. நல்லது என்றால் பழக்குவதற்கு நமக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான்.

இழுவைக்கு வாங்கத்தக்கது நெஞ்சுக்கு நேரே வளையம் உள்ள ஹார்னஸ், அதாவது உடம்பில் பூட்டும் பட்டி. நாய் இழுப்பதற்குக் காரணம் எளிது. நமது நடை அதற்கு மெது, அதோடு இழுத்தால் போக நினைத்த இடம் கிடைத்துவிடுகிறது. லீஷ் (பிடிகயிறு) விறைத்த நிலையில் நாம் வைக்கும் ஒவ்வொரு அடியும் அதற்குக் கொடுக்கும் சம்பளம். முதுகில் மட்டும் வளையம் உள்ள ஹார்னஸ் வண்டி மாட்டுக்கு நுகம் பூட்டியது போல இழுவையை வசதியாக்கிவிடும். நெஞ்சில் கொளுவினால், நாய் பாயும்போது அதன் உடம்பு நம் பக்கம் திரும்பும். பாய்ச்சலின் பலம் வீணாகும், கழுத்திலும் பாரம் விழாது. இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் பொமரேனியனுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து மடியும் கோளாறு வரக்கூடியது. கழுத்துப்பட்டியில் இழுத்து இழுத்து வாத்துப் போல இருமும் நாய்க்கு இருமல் மருந்து மட்டும் போதாது, பட்டியை மாற்ற வேண்டும். பக், ஷிட்சூ போன்ற முன்தள்ளிய கண்ணுள்ள சாதிகளுக்கும் இதே கதை. கழுத்தில் விழும் இழுவை கண்ணின் உள்ளழுத்தத்தைக் கூட்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது முதலில் வெட்டு. முன்னால் நின்று பார்த்தால் பட்டிகள் ஆங்கில வை எழுத்துப் போல நெஞ்சில் இறங்கி, தோள் மூட்டை விட்டு விலகி ஓட வேண்டும். நெஞ்சுக்குக் குறுக்காக ஒற்றைப் பட்டி போகும் மலிவான வகை முன்னங்காலின் வீச்சைத் தடுக்கும். நாய் இழுக்காமல் நடப்பது போலத் தெரிவது அதன் கால் நீளாததால்தான். அளவு எடுக்க நாயை நிற்க வையுங்கள். முன்னங்கால்களுக்குப் பின்னால் விலா அகன்ற இடத்தில் ஒரு சுற்றளவு, கழுத்தின் அடியில் ஒன்று. பூட்டிய பின் பட்டிக்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்று விரல் நுழைந்தால், பயந்த நாய் பின்னுக்கு நடந்து உடையைக் கழற்றுவது போலக் கழற்றிவிடும். வாகனம் ஓயாத காலி வீதியில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பயம் உள்ள நாய்க்கு ஹார்னஸ் வளையத்தையும் சாதாரணக் கழுத்துப்பட்டியையும் இணைக்கும் சின்னக் கொளுக்கி ஒன்று போட்டு வையுங்கள்.

நமது ஊரில் இதற்கு இரண்டு பலவீனங்கள். அக்குளில் உரசல் ஒன்று. வியர்வை நாய்க்குப் பாதத்தில்தான் என்றாலும் ஈரக் காற்றில் நைலோன் காயாது, ரோமம் மெல்லிய இடத்தில் சிவந்து மயிர் உதிரும். வயிற்றுப் பட்டி அக்குளுக்கு இரண்டு விரல் அகலம் பின்னால் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கழற்ற வேண்டும், வாரம் ஒருமுறை அலசிக் காயவிட வேண்டும். மற்றது துரு. கடலோர மரைன் டிரைவ் பக்கம் தினமும் நடப்பவர்கள் முலாம் பூசிய வளையத்தை நம்ப வேண்டாம். வளையத்தின் ஒட்டு வாய் திறந்திருக்கிறதா என்று மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள்.

பழக்கும் முறை இதுதான். முதல் மூன்று நாள் றோட்டுக்கே போக வேண்டாம், பிளாட் நடைபாதை போதும். கோழி ஈரலை உப்பில்லாமல் அவித்து, கடலைப் பருப்பு அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். நெத்தலி என்றால் பல தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்த பிறகு. லீஷ் தொய்ந்திருக்கும்போது இரண்டு அடிக்கு ஒரு துண்டு, அதுவும் உங்கள் காற்சட்டைத் தையலுக்கு நேரே கொடுங்கள். முன்னே நீட்டிக் கொடுத்தால் முன்னே நடக்கத்தான் பழகும். லீஷ் விறைத்த கணமே நில்லுங்கள். சுண்டி இழுக்க வேண்டாம், பேசவும் வேண்டாம். தொய்ந்ததும் நடங்கள். ஒரு வாரத்தில் இரண்டு அடி ஐந்தாகும், பிறகு பத்தாகும். பத்து நிமிடம் போதும், அதற்கு மேல் இருவருக்கும் பொறுமை போய்விடும். காலை ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பின்னேரம் என்றால் புறங்கையைத் தாரில் ஏழு வினாடி வைத்துப் பாருங்கள், பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் முடியாது.

இது பிசகும் இடம் பெரும்பாலும் வீட்டுக்குள்தான். அம்மா நிற்பார், மகன் இழுபட்டுக்கொண்டு ஓடுவான். எப்போதாவது பலிக்கும் இழுவை லொத்தர் மாதிரி, ஒருபோதும் விடாது. ஒழுங்கை முனையில் கட்டாக்காலி நாய்கள் படுத்திருந்தால் துணிச்சல் காட்ட வேண்டாம். நம் நாய் அவற்றைப் பார்த்தும் ஈரலைத் தின்னக்கூடிய தூரத்தில் திரும்பி விடுங்கள். தின்ன மறுக்கிறது என்றால் தூரம் போதவில்லை என்று பொருள்.

மற்ற இழுவைச் சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. இறுக்கும் சங்கிலியும் முள் பட்டியும் வேண்டாம். வலி தொடரும் வரைதான் வேலை செய்யும், அந்த நேரத்தில் எதிரே வந்த குழந்தைதான் வலிக்குக் காரணம் என்று நாய் முடிவெடுக்கவும் கூடும். நீண்டு சுருங்கும் லீஷ் எப்போதும் சிறு விறைப்பில் இருப்பதால் இழுக்கவே பழக்கும், அதன் கயிறு விரலையும் கெண்டைக்காலையும் அறுக்கும். ஹல்டி, ஜென்டில் லீடர் போன்ற முகப்பட்டிகள் பெரிய றொட்வைலரைச் சிறிய உடம்புக்காரர் பிடித்து நடக்க உண்மையாகவே உதவும். ஆனால் பழக ஒன்றிரண்டு வாரம் எடுக்கும், தட்டை மூக்கு நாய்க்குப் பொருந்தாது, நீளமான கயிற்றோடு போட்டால் நாய் ஓடி முட்டி நிற்கும்போது கழுத்து முறுகும்.

குரைப்புக்கு விற்பவை அலுமாரியிலேயே மோசமான வரிசை. மின்னதிர்ச்சி, புல்லெண்ணெய் வாசனை பீச்சுவது, மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்புவது என்று மூன்று வகை. அதிர்ச்சிப் பட்டியை வேல்ஸ் நாடு 2010 இல் தடைசெய்தது. அமெரிக்காவின் விலங்கு நடத்தை வைத்தியர் சங்கம் 2021 இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், எல்லா நாய்க்கும், கடிக்கும் நாய்க்கும் கூட, வெகுமதி கொடுத்துப் பழக்கும் முறையையே பரிந்துரைத்தது. பீச்சும் பட்டி பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும் பீச்சக்கூடும். ஒலிப் பெட்டிக்குச் சில நாய்கள் திரும்பியும் பார்க்காது, சில நாய்கள் அறையை விட்டு வராமல் ஒளிந்துகொள்ளும். இவை எதுவும் நாய் ஏன் குரைக்கிறது என்று கேட்பதில்லை. கேட்டைக் கடப்பவரைக் கண்டு குரைப்பது வேறு, நமது சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து அதிகாரம் பண்ணுவது வேறு, தனிமையில் ஊளையிடுவது வேறு. பகல் முழுக்கக் கூட்டில் அடைத்து இரவில் திறந்துவிடும் நாய் குரைப்பதற்குப் பட்டி மருந்தல்ல, கூட்டைத் திறப்பதுதான் மருந்து.

கேட் குரைப்புக்கு மலிவான தீர்வு செல்லப்பிராணிக் கடையில் இல்லை, ஹார்ட்வெயார் கடையில் இருக்கிறது. கண்ணாடிக்கு ஒட்டும் பனிமூட்டப் படலம், கிறில் என்றால் ஒரு பச்சை நிழல்வலை. நாய் எழுந்து நின்றாலும் கண்ணுக்கு எட்டாத உயரம் வரை மறைத்தால் பாதிப் பிரச்சினை அன்றே குறையும். மறைக்க முடியாதது சத்தம். கொழும்பு நாய்க்குச் சத்தம் என்றால் சூன் பாண். பீத்தோவனின் அந்தப் பியானோ மெட்டை ஒலித்தபடி பாண் விற்கும் திரிவீல் ஒழுங்கைக்குள் நுழைந்ததும் தெரு முழுக்க ஊளை எழும். இதைத் திருத்துவது எளிது, ஏனென்றால் எதிரியின் குரல் போனில் பதிவாகும். பதிந்ததை மற்ற அறையில், நாய் காதை மட்டும் அசைக்கும் அளவு மெதுவாக ஐந்து வினாடி ஒலிக்க விடுங்கள். சத்தம் தொடங்கி ஒரு வினாடிக்குள் ஈரல். சத்தம் நின்றால் ஈரலும் நிற்கும். வரிசை முக்கியம். ஈரல் முதலில் வந்தால் ஈரலே அபாயச் சங்காகிவிடும். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளுக்கு இரண்டு தடவை. சத்தம் கேட்டதும் நாய் உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கினால் ஒரு படி கூட்டுங்கள். குரைத்தால் இரண்டு படி இறங்குங்கள். அந்த நாட்களில் உண்மையான சூன் பாண் வரும் நேரத்தில் நாயைப் பின் அறையில் மின்விசிறிச் சத்தத்தோடு வைத்திருங்கள், இல்லாவிட்டால் பழக்கியது ஒரு நிமிடத்தில் போய்விடும்.

தட்டைப் பார்த்துக் குரைப்பதற்கு மட்டும்தான் கண்டுகொள்ளாமல் விடுவது பலிக்கும். ஆனால் அது குறைவதற்கு முன் உச்சத்துக்கு ஏறும். அந்த உச்சத்தில், பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுகிறார்கள் என்று ஒரு துண்டு இறைச்சியைப் போட்டால், இவ்வளவு உரக்கக் குரைத்தால்தான் கிடைக்கும் என்று நாய் கற்றுக்கொள்ளும். உச்சத்தைத் தாங்க முடியாத பிளாட்டில் இதைத் தொடங்கவே வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் வேறு அறையில் ஒரு வேலை கொடுப்பது நல்லது.

அந்த வேலைக்குத்தான் கொங். அலுமாரியில் முழு விலைக்கும் தகுதியானது ஹார்னஸுக்கு அடுத்து இதுவே. உள்ளே குழியான, பனிமனிதன் வடிவ இறப்பர் பொம்மை. சிவப்பு சாதாரணக் கடிக்கு, கறுப்பு பலமான தாடைக்கு, இளநிறங்கள் குட்டிக்கு. அளவைக் கடைக்காரரின் கண்ணுக்கு விடாதீர்கள். சிறியது 9 கிலோ வரை, நடுத்தரம் 7 முதல் 16 கிலோ, பெரியது 13 முதல் 30 கிலோ, அதற்கு அடுத்த பெரிய அளவு 27 முதல் 41 கிலோ. இடைப்பட்ட நாய்க்குப் பெரியதை எடுங்கள், சிறியது தொண்டைக்குள் போகும். போலிகளும் விற்கின்றன. ஒரு பக்கம் மட்டும் துளை இருந்தால் எடுக்கவே வேண்டாம், நாக்கு உள்ளே உறிஞ்சப்பட்டு மாட்டிக்கொள்ளும். நகத்தால் அழுத்தினால் தழும்பு நிற்பதும், பெற்றோல் போல மணப்பதும் நல்ல இறப்பர் அல்ல.

நிரப்புவதற்குச் சோறு, அவித்த கோழி, மசித்த பூசணி. வாயை அடைக்க ஒரு கரண்டி தயிர். வெங்காயம், உள்ளி, முந்திரிகைப் பழம் (திராட்சை), உலர்ந்த முந்திரிகை, சொக்கலேட் கூடாது. கடலை வெண்ணெய் என்றால் போத்தலில் சைலிட்டோல் என்ற இனிப்பு இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், அது நாய்க்கு நஞ்சு. முதல் சில நாள் தளர்வாக நிரப்பிக் கொடுக்க வேண்டும். எடுத்ததுமே கல்லாக உறையவைத்துக் கொடுத்தால் நாய் இரண்டு தடவை நக்கிவிட்டுப் பழையபடி செருப்புக்கே போகும். பழகிய பின் பிரீசரில் நான்கு மணி நேரம். உள்ளே போட்டதை அன்றைய சாப்பாட்டில் கழிக்காவிட்டால் லெப்ரடோர் இரண்டு மாதத்தில் பீப்பாய் ஆகிவிடும். கொங் பெட்டியில் எழுதாத ஒன்று எறும்பு. ஓரத்தில் தண்ணீர் நிற்கும் தட்டத்துக்கு நடுவில் வைத்துக் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் எடுத்துப் போத்தல் பிரஷ்ஷால் கழுவுங்கள், இந்த வெக்கையில் சீக்கிரம் புளித்துவிடும்.

கடித்துக் குதறுவதற்கு இலவசமாகக் கிடைக்கும் தம்பிலிக் கோம்பையைக் கொடுப்பவர்கள் உண்டு. தும்பை விழுங்கினால் குடலில் அடைக்கும். அவித்த எலும்பு கூராகப் பிளக்கும். தோல் எலும்பு ஊறி வழுவழுப்பாகி முழுத் துண்டாக இறங்கும். பல் முளைக்கும் குட்டிக்கு, அதாவது ஏறத்தாழ நான்கு மாதம் முதல் ஏழு மாதம் வரை, முறுக்கி நனைத்து உறையவைத்த பழைய துவாய் போதும். காசு மிச்சம்.

மூத்திரப் பாய் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மாடி வீட்டில் குட்டி வளர்ப்போருக்கு வேறு வழியில்லை என்றால் வாங்கலாம். ஆனால் அது மெத்தென்ற துணி. பிறகு கால்மிதியும் படுக்கை விரிப்பும் நாய்க்கு அதே பாய்தான். பல்கனியில் தட்டில் வைத்த புல் அல்லது செயற்கைப் புல் இந்தக் குழப்பத்தைத் தராது. குட்டி எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணித்தியாலம்தான் அதிகபட்சம் அடக்கும். தூங்கி எழுந்ததும், விளையாடி முடிந்ததும், தின்று பதினைந்து நிமிடத்துக்குள்ளும் கூட்டிப்போக வேண்டும். துடைக்க அமோனியா மணமுள்ள திரவம் வேண்டாம், அது மூத்திர மணத்துக்கே நெருக்கம். என்சைம் கலந்த துப்புரவுத் திரவம் நல்லது, ஆனால் தெளித்த உடனே துடைத்தால் பச்சைத் தண்ணீருக்குச் சமம். பத்துப் பதினைந்து நிமிடம் ஊற விட வேண்டும். மூக்கை மூத்திரத்தில் தேய்ப்பதால் நாய் கற்றுக்கொள்வது ஒன்றுதான், இனி கதிரைக்குப் பின்னால் மறைந்து போக வேண்டும் என்பது.

சேலை கட்டி வரும் மாமிமார் மேல் பாய்வதற்குச் சாமான் எதுவும் தேவையில்லை. கதவு திறக்குமுன் லீஷைக் கொளுவி மிதித்துக்கொள்ளுங்கள், நாய் நிற்கலாம், எம்ப முடியாத நீளம். நாலு காலும் தரையில் இருந்தால்தான் வருபவர் தொடலாம். மாமிமாரைப் பழக்குவதுதான் கடினம்.

வாய்க்கூட்டில் தவறான தெரிவு உயிரைப் பறிக்கும். நாய் உடம்பின் சூட்டைப் பெரும்பாலும் வாய் திறந்து இளைத்துத்தான் ஆற்றும். துணி வாய்க்கூடு வாயை மூடிக் கட்டுகிறது. மிருக வைத்தியரின் மேசையில் ஊசி போடும் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மட்டும் அது சரி, கொழும்பு வெயிலில் நடக்கப் போட்டால் சூடு தலைக்கேறி நாய் விழும். கூடை வகை வாங்குங்கள். பாஸ்கர்வில் போன்றவற்றைச் சுடுதண்ணீரில் இளக்கி முக வடிவுக்கு வளைக்கலாம். போட்டதும் நாய் முழுதாக வாய் திறந்து இளைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். உள்ளே தயிர் தடவி, நாய் தானாக மூக்கை நுழைக்கட்டும். முதல் வாரம் வாரைக் கொளுவவே வேண்டாம். பிறகு ஒரு வினாடி, மூன்று, பத்து. அமைதியாக இருந்த நாய் திடீரென உறுமத் தொடங்கினால் பயிற்சிக்கு முன் மிருக வைத்தியர். காது அழற்சி, இடுப்பு வலி, உண்ணிக் காய்ச்சல் எல்லாம் நாயைச் சினப்படுத்தும். உறுமலுக்கு அடிக்கவும் வேண்டாம், உறுமத் தடைபட்ட நாய் எச்சரிக்காமல் கடிக்கும். விசர்நாய்த் தடுப்பூசியை வருடந்தோறும் போடுங்கள். கடி விழுந்துவிட்டால் வீட்டு நாய்தானே என்று இருக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி அரச வைத்தியசாலைக்குப் போங்கள்.

சித்திரை வருடப்பிறப்பு வெடிகளுக்கும் தீபாவளிக்கும் விற்கும் அடாப்டில் என்ற சுவர்ச் செருகி தாய் நாயின் பெரொமோனைப் போன்ற ஒன்றை வெளியிடுகிறது. ஒரு குப்பி ஏறத்தாழ ஒரு மாதம் வரும். யன்னலெல்லாம் திறந்து மின்விசிறி சுழலும் வீட்டில் அது நிற்காது, மூடிய அறையில் லேசான பயத்துக்கு உதவலாம். நடுங்கி ஒளியும் நாய்க்கு மருந்து வேண்டும். அதை வெடி தொடங்கிய பிறகல்ல, இரண்டு வாரத்துக்கு முன்பே மிருக வைத்தியரிடம் கேட்டு ஒரு தடவை ஒத்திகையும் பாருங்கள்.

கடைசியாக, வீட்டுக்கு வரும் பயிற்சியாளர். நல்லவர்கள் இருக்கிறார்கள், ஆனால் யார் வேண்டுமானாலும் பயிற்சியாளர் என்று அட்டை அடித்துக்கொள்ளலாம். ஒரு கேள்வி போதும்: “நாய் பிழை விட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?” சங்கிலியைச் சுண்டுவேன், மல்லாத்திப் பிடிப்பேன், நீங்கள்தான் தலைவன் என்று காட்ட வேண்டும் என்றால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுந்த அந்தத் தலைவன் கதையைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், 1999 இல் தாமே அதைத் திருத்தி எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பந்தான். நாயைப் பதினைந்து நாள் தங்களிடம் விடச் சொல்பவரும் கவனிக்க வேண்டியவர். அங்கே நாய் அவருக்குப் பழகும், வீட்டில் யாரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள். ஒரு பாடத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க விடாதவரிடம் நாயைக் கொடுக்காதீர்கள்.

நல்ல பயிற்சியாளர் முதல் நாளில் நாயைத் தொடாமல் வீட்டாரிடம்தான் அதிகம் கதைப்பார். கொழும்புத் தமிழ் வீட்டில் அதற்குத் தனிக் காரணம் உண்டு. பிள்ளைகள் “சிட்” என்பார்கள், அம்மம்மா “இரடா” என்பார், வேலைக்கு வருபவர் சிங்களத்தில் “வாடிவென்ன” என்பார். நாய்க்கு மூன்றும் தெரியாமல் போவது அதன் பிழையல்ல. இரு, வா, விடு, நில், படுக்கைக்குப் போ: ஐந்துக்கும் ஒவ்வொரு சொல்லைத் தேர்ந்து, வீட்டில் எல்லாருக்கும் வாசிக்கத் தெரிந்த எழுத்துகளில் எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொல்வார். அதற்குத் தனியாகக் காசு வாங்கினாலும் கொடுக்கலாம்.